நாலு கிலோ

காவேரிப்பட்டணம் பாலத்தடியில்
தென்பெண்ணை இந்த ஆடியிலும் ஓடவில்லை.
காற்றுதான் ஓடியது.
கணுக்கால் உயரத்தில் மணலும் அதோடு போனது,
தையல் மெஷின் ஊசி மாதிரி
தரையைக் குத்திக் குத்தி.

குனிந்து, சிமெண்ட் சாக்கில்
நாலு கிலோ அள்ளினேன்.

என் கேள்வி சின்னது.
காற்றில் வரும் ஒரு மணல் துகள்
பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் படுகையில் விழுந்தால்
எத்தனை துகளை எழுப்பும்,
என்ன வேகத்தில்?

நான் எழுதிய நிரலில் எல்லாமே உருண்டை.
ஒரே அளவு, ஒரே எடை, ரேஷன் கடையில் வாங்கியது போல.
லென்சில் பார்த்தால் ஒன்றுகூட உருண்டையில்லை.
ஒன்று உடைந்த கல்கண்டு.
ஒன்று பால்பல்.
ஒன்றை எதனோடும் ஒப்பிட முடியவில்லை,
அதை மட்டும் தனியே எடுத்துவைத்தேன், பிறகு தும்மிவிட்டேன்.

செக்போஸ்டில் நிறுத்தினார்கள்.
"சாக்குல என்ன?"
"மணல்."
சொன்ன பிறகுதான் உறைத்தது
இந்த ஆற்றங்கரையில் அந்தச் சொல்லின் எடை.
"எத்தனை லோடு?"
"நாலு கிலோ சார்."
"எதுக்கு?"
"மோதவிட்டுப் பாக்க."

ஏட்டு முனிரத்தினம் என் அடையாள அட்டையைத் திருப்பினார்.
முன்பக்கம் நாகவேணி, ஆய்வு மாணவி.
பின்பக்கம் பஸ் ரூட்.
இரண்டையும் ஒரே கவனத்தோடு படித்தார்.
அப்புறம் காக்கிப் பேண்ட்டை லேசாக இழுத்து
முழங்காலுக்கு நாலு விரல் கீழே தொட்டுக் காட்டினார்.
"இதுவரைக்கும்தான் கடிக்கும்.
இதுக்கு மேல வர்றது வெறும் தூசி."
ரசீதின் முதுகில் குறித்துக்கொண்டேன்.
என் ஆய்வேட்டில் சாட்சியோடு எடுத்த அளவு
அது ஒன்றுதான்.

அங்கிருந்து பர்கூர் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும்.
டீக்கடையில் நாலு மூட்டையானது.
ஜவுளிக் கடைத்தெருவில் நாலு டிராக்டர்.
துறைத்தலைவர் அறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
நாலு லாரி
எனக்கு முன்பே உள்ளே நின்றிருந்தது.

பிளைவுட்டும் பழைய ஏர்கூலர் விசிறியும் சேர்த்து
தஸ்தகீர் ஒரு காற்றுச் சுரங்கம் அடித்துக் கொடுத்திருந்தார்.
நொடிக்கு இருநூற்று நாற்பது படம், என் போனில்.
படத்தில் மணல் மணலாக விழவில்லை,
கீறலாக விழுந்தது.
கீறலின் நீளம்தான் வேகம்.

வந்த துகள் பாதி வேகத்தில் துள்ளிக் கடந்தது.
இடிபட்ட இடத்தில் நாலைந்து சோம்பேறிகள்
விரல் அகலம் எழுந்து
திரும்பப் படுத்துக்கொண்டன.
ஒன்று மட்டும், எப்போதாவது,
காற்றின் கையில் சிக்கும்.

விசிறியை மூன்றில் வைத்தால் எதுவும் அசையாது.
நாலில் எழும்.
எழுந்த பிறகு மூன்றுக்கு இறக்கினேன்.
ஓயவில்லை.
கிளப்பிவிட்ட காற்று போய்விட்டது,
இடிபட்டது அடுத்ததை இடித்துக்கொண்டே இருந்தது.

அன்றிரவு நிரலில்
ஒன்று விழுந்தால் ஒன்றேகால் எழட்டும் என்றேன்.
திரை முழுக்க மணல், லேப்டாப் நின்றுவிட்டது.
முக்கால் என்றேன்.
பதினோரு நொடியில் மயான அமைதி.
பாலத்தடியில் நாள் முழுக்க ஓடியதே,
அப்படியென்றால் சராசரி ஒன்று.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
யார் வைத்த கணக்கு என்று இரண்டு மணிவரை யோசித்தேன்.
யாரும் வைக்கவில்லை.
துகள் கூடக் கூட
அதைச் சுமந்து சுமந்து காற்றே தளர்கிறது.

மறுநாள் கேன்டீனில் ஒருவர் கேட்டார்,
"உங்க மணல் கேஸ் என்னாச்சு?"
அடுத்த நாளும் ஒருவர்.
அவர் இல்லை, வேறொருவர்.
ஆவணி பிறந்து காற்று அடங்கிவிட்டது.
இன்றைக்கும்
ஒருவர்.